ஸ்பிரிட்டைத் தொடாதே

சென்னை
திங்கள் இரவு

அன்புள்ள சீனு,

எட்டு மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் நியாயம், வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அம்மா உன்னை விசாரித்தாள். மற்றதெல்லாம் அப்புறம். உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். பரணில் கிடந்த தாத்தாவின் கிராமபோன் பிளேட்டு நாற்பதிலும் பூஞ்சை பூத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சர்ஜிகல் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, டேய், முதலில் அந்த பாட்டிலை மூடி வை.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற அந்தப் பழைய தட்டு அரக்கில் செய்தது. நம் ஊர் ஆசாரி மரத்துக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தானே. நீ பஞ்சை நனைத்து ஒரு சுற்று துடைத்தால் தட்டின் கறுப்பு பஞ்சில் ஏறும். அந்தக் கறுப்பில்தான் பாட்டு இருக்கிறது. கடையில் 'ரெக்கார்டு கிளீனர்' என்று விற்கிற பாட்டிலையும் நம்பாதே. பல எல்பிக்காக, அதாவது பிற்பாடு வந்த 33 சுற்றுத் தட்டுக்காகச் செய்தவை. எல்பி வினைல் என்கிற பிளாஸ்டிக், அது ஆல்கஹாலைத் தாங்கும், அரக்கு தாங்காது. எது எது என்று சந்தேகம் வந்தால் விரல் கணுவால் லேசாகத் தட்டிப் பார். அரக்குத் தட்டு ஓட்டுச்சில் மாதிரி 'டங்'கென்று பேசும், கையிலும் கனக்கும்.

பூஞ்சையை முதலில் காய்ந்தபடியே எடுக்க வேண்டும். முற்றத்துக்குக் கொண்டுபோய், மூக்கைக் கட்டிக்கொண்டு, மென்மையான ஆட்டுமயிர் பிரஷ்ஷால், பாட்டு பதிந்த தடத்தின் போக்கிலேயே சுற்றிச் சுற்றித் தட்டிவிடு. குறுக்கே தேய்க்காதே, வாயால் ஊதாதே. பிறகுதான் தண்ணீர். அதுவும் போர் தண்ணீர் கூடாது. காய்ந்ததும் உப்பு தடத்துக்குள் படிந்து, பூஞ்சை போன இடத்தில் கரகரப்பு வந்து உட்காரும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர், அதில் பாத்திரம் தேய்க்கிற திரவம் மூன்றே சொட்டு. பிரஷ்ஷை நனைத்துத் தட்டின் மேல் ஓட்டு. தட்டைத் தண்ணீரில் முக்காதே, ஊறவும் விடாதே. லேபிளில் ஈரம் பட்டால் சாயம் ஓடிவிடும், ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிக்கொள். வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு தரம் அலசி, நூல் உதிராத துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் நிறுத்தி வைத்து ஃபேன் போடு. வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தட்டுக்கு மேல் எடுக்காதே. அவசரத்தில்தான் கை நழுவும்.

இனி நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் தட்டு. மயிரிழை விரிசல் ஒன்று விளிம்பிலிருந்து உள்ளே ஓடுகிறது என்கிறாய். அதில் ஒரு சொட்டு ஈரம்கூடப் படக் கூடாது. ஃபெவிக்விக் பக்கமே போகாதே. பசை தடத்தில் வழிந்தால் எந்த ஊசியாலும் அதைத் தாண்ட முடியாது. சீனு, இதை நான் சும்மா பெரிதுபடுத்தவில்லை. அவர் போனது 1933இல், வயது 27. தமிழ்ப் பேசும்படம் வந்தது 1931இல். அவர் அதில் முகம் காட்டவே இல்லை. செங்கோட்டைக்காரர் மேடையில் எப்படிப் பாடினார் என்பதற்கு இந்தத் தட்டுகளை விட்டால் வேறு சாட்சி கிடையாது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். மெதுவாகச் சூடேற நேரமே இல்லை. எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயிக்குப் போய், அங்கேயே வேகமான ஸ்வரக் கோவைகளை, பிருகாவை, கொட்டிவிட்டு இறங்குவார். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைவரை மைக் இல்லாமல் எட்டிய தொண்டை அது. அந்த உச்சத்தில்தான் பழைய ஊசி தடத்தை அதிகம் சுரண்டியிருக்கும், பார்த்துக்கொள்.

ஏன் சுரண்டும் என்றால், அரக்கோடு கல்தூளும் கலந்துதான் தட்டு வார்த்தார்கள். இரும்பு ஊசி ஒரு பக்கம் ஓடி முடிப்பதற்குள் அந்தத் தூளே அதன் முனையைத் தேய்த்துவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்பதுதான் கணக்கு. அதற்காகத்தான் சின்னத் தகர டப்பாவில் 200 ஊசி போட்டு விற்றார்கள். சிக்கனம் பார்த்து அதே ஊசியைத் திரும்பப் போட்டவர்கள் வீட்டுத் தட்டெல்லாம் உளியால் செதுக்கியது போலிருக்கும். தாத்தா சிக்கனக்காரர் என்று உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதனால் அவருடைய கிராமபோனில் இந்தத் தட்டைப் போடவே போடாதே. அதில் ஊசியைப் பிடித்திருக்கும் தலை, அந்த சவுண்ட் பாக்ஸ், ஊசியின் மேல் நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். மின்சார டர்ன்டேபிளில் நான்கைந்து கிராம் போதும்.

நீ வாங்கியிருக்கிற சூட்கேஸ் பிளேயரிலும் வேண்டாம். 78 என்று பட்டன் இருந்தால் மட்டும் போதாது, ஊசியைப் பார். எல்பி ஊசியின் முனை 18 மைக்ரான் அளவு, 78க்கு வேண்டியது 75 மைக்ரான். மெல்லிய ஊசி தடத்தின் அடியில் போய் அழுக்கில் உருளும். உனக்குக் கேட்பது இரைச்சல்தான். 75இல் கேட்டும் கரகரத்தால் 65 அல்லது 90 போட்டுப் பார். பழைய ஊசி தேய்த்தது சுவரின் ஒரு மட்டத்தை மட்டும்தான். அதற்கு மேலேயோ கீழேயோ தொடுகிற ஊசிக்குத் தேயாத சுவர் கிடைக்கும், திடீரென்று திரை விலகினாற்போல் குரல் வரும். இடது வலது இரண்டையும் சேர்த்து மோனோவாக்கிவிடு, பாதி உறுமல் அதிலேயே அடங்கும்.

விரிசல் தட்டில் ஊசி தாவினால், 33இல் ஓட்டிப் பதிவு செய்துகொள். பிறகு கம்ப்யூட்டரில் 2.34 மடங்கு வேகமாக்கு. மூன்றேகால் நிமிடப் பாட்டு ஏழரை நிமிடம் ஓடும், அதுவரை பொறுமை வேண்டும்.

ஒன்று மறந்தேன், சுருதி. உன் பெட்டியில் இருக்கிற பழைய பாடகி கோயமுத்தூர் தாயியின் தட்டெல்லாம் மைக் வருவதற்கு முன்னால், புனலுக்குள் பாடிப் பதிந்த காலத்தவை. அந்தக் காலத்தில் 78 என்பது உத்தேசம்தான். 78க்குப் பதில் 73.6இல் பதிந்த தட்டை நீ 78இல் சுழற்றினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, நடுக்கமாகிவிடும். ஹார்மோனியம் உள்ள தட்டில் சுலபம்: அதன் ரீட் ஏதாவது ஒரு கட்டையை ஒட்டித்தான் நிற்கும், இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கினால் வேகம் தப்பு. அது இல்லாத தட்டில் கமகத்தை நம்பு. அசைவு வெடவெடவென்று போனால் வேகத்தைக் குறை, இழுத்துக்கொண்டு தொய்ந்தால் கூட்டு.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லேபிளுக்கும் கடைசித் தடத்துக்கும் நடுவே பொறித்திருக்கும் எண்ணை ஒவ்வொரு தட்டிலும் பார்த்து எழுதி அனுப்பு. லேபிளில் இருக்கும் எண் வேறு, இரண்டும் வேண்டும். தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல், அளவு வாரியாகப் பிரித்து நேராக நிறுத்தி வை. கிட்டப்பாவை மட்டும் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து பீரோவில் பூட்டு. பார்சலில் அனுப்பாதே. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது 75 மைக்ரான் ஊசியும் டர்ன்டேபிளும் கொண்டுவருகிறேன், உன் கூடத்திலேயே பதிவு செய்யலாம்.

ஸ்பிரிட் பாட்டிலை அத்தையிடமே கொடுத்துவிடு. ஊசி போட வருகிறவருக்கு ஆகும்.

அன்புடன்
மணி