பார்மர் எண்ணெய் வயலின் கடைசிக் கட்டத்துக்கும் ஒரு தேதி குறியுங்கள்

மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் அதிகாரிகளுக்கும், ராஜஸ்தான் அரசின் பெட்ரோலியத் துறையினருக்கும் வணக்கம்.

நான் நன்னிலம் பக்கத்துக்காரன். நெல் வயலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் வேலை கிடைத்தது காவிரிப் படுகையிலிருந்து வெகுதூரம் தள்ளி, ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில். ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஊழியனாக மங்களா எண்ணெய் வயலில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அந்த வயலில் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் இன்றும் எனக்குப் பெருமை உண்டு. அந்த உரிமையில்தான், அங்குள்ள எண்ணெய்க் கிணறுகளை மூடுவதற்கும் ஒரு தேதி கேட்டு எழுதுகிறேன்.

2004 ஜனவரியில் மங்களா கண்டுபிடிக்கப்பட்டது. 2009 ஆகஸ்ட் 29 அன்று, வயல் இருக்கும் நாகாணா ஊரில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் உற்பத்தியைத் தொடங்கிவைத்தார். 2012இல் பாக்யம், 2013இல் ஐஸ்வர்யா என அடுத்தடுத்த வயல்கள் சேர்ந்தன. எண்ணெயைப் பிரித்துச் சுத்தம் செய்யும் நிலையமும் ஒரே மூச்சில் எழுந்ததல்ல; வரிசை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். இப்படிக் கட்டம் கட்டமாகப் போனதுதான் சரி. நிலத்துக்கு அடியில் இருப்பதைத் தோண்டித்தான் கற்றுக்கொள்ள முடியும். முதல் கிணறுகள் சொல்லித்தந்ததை வைத்து அடுத்தவற்றைத் திட்டமிட்டால் தவறும் சிறிதாக இருக்கும், முதலீடும் வீணாகாது.

மங்களா எண்ணெயின் குணம் அப்படி. மார்கழியில் நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போல, மெழுகு நிறைந்த அந்த எண்ணெய் சாதாரண நாளிலேயே உறைந்துவிடும். காலையில் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்துப் பிடிப்பேன். ஒரு சொட்டு இறங்காது. கறுத்த பழுப்பு நிறத்தில், ஷூ பாலிஷ் போலச் சுவரோடு ஒட்டியிருக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் மெல்ல நெகிழ்ந்து வழியும். ஆரம்ப மாதங்களில் இதைச் சூடு குறையாத லாரிகளில் அனுப்பினார்கள். பிறகு குஜராத் கடற்கரை வரை ஏறக்குறைய 670 கிலோமீட்டர் குழாய் போட்டார்கள். வழி நெடுகச் சூடேற்றிக்கொண்டே போகும் குழாய் அது. உலகத்தில் அந்த நீளத்துக்கு வேறொன்று இல்லை என்பார்கள். பாறைக்குள் எண்ணெயைத் தள்ளச் செலுத்தும் தண்ணீரைக்கூடச் சூடாக்கியே செலுத்தினோம். குளிர்ந்த நீர் போனால் மெழுகு அங்கேயே படிந்து பாறையின் துளைகளை அடைத்துவிடும். பின்னாளில் அந்த நீரில் பாலிமர் கலந்து கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்து தள்ளினார்கள். பத்து ஆண்டு கழித்து வரப்போகும் சிக்கலையும் முதல் நாளே யோசித்துச் செய்த வேலைகள் இவை.

உச்சத்தில் பார்மர் வயல்கள் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் பீப்பாய் எடுத்தோம். இப்போது அதில் பாதி கூட இல்லை. நான் இருந்த கடைசி ஆண்டுகளில் குடுவையில் எண்ணெய்ப் படலம் மெலிந்து, தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. எல்லா வயலுக்கும் வருகிற முதுமைதான். இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

இங்கே எண்ணெய் தேடி எடுக்க நிறுவனங்களோடு அரசு 1995 மே மாதம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2020இல் முடிந்து, மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அந்தப் பத்து ஆண்டுகள் 2030 மே மாதத்தில் முடிகின்றன. அதற்குப் பிறகும் நீட்டிப்பீர்களோ, வேறு ஏற்பாடு செய்வீர்களோ, அது உங்கள் முடிவு. எதைச் செய்தாலும், ஒவ்வொரு கிணற்றையும் எப்போது, யார், எந்தப் பணத்தில் மூடுவார்கள் என்பதை அதற்குள் ஊருக்குச் சொல்லிவிடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது அது ஒன்றுதான்.

ஒருமுறை எங்கள் நிறுவனக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். "அது அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். மறு வருடமும் அதே பதில். எண்ணெய் தரும் கட்டத்தை முன்னே தள்ள ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மூடும் கட்டத்தால் யாருக்கும் வருமானமில்லை. நீங்கள் தேதி குறித்தாலொழிய அது நகராது.

தள்ளிப்போவது எப்படி முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பார்மர் எண்ணெயை அங்கேயே சுத்திகரிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் பச்பத்ரா ஆலைக்கு 2013இல் அடிக்கல் நாட்டினார்கள். மீண்டும் 2018இல் பணி தொடக்க விழா நடந்தது. எண்ணெய் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் ஆலை இல்லை. ஆண்டுக்கு 90 லட்சம் டன் சுத்திகரிக்கும்படி வகுத்த திட்டத்தில் ராஜஸ்தான் எண்ணெயின் பங்கு 15 லட்சம் டன்தான். மீதி 75 லட்சம் கடல் கடந்து வந்தாக வேண்டும். ஆலையாவது தாமதமானாலும் இறக்குமதியை வைத்து ஓடும். மூடாமல் விட்ட கிணற்றுக்கு அப்படி மாற்று வழி எதுவும் கிடையாது.

நாகாணாவுக்குப் பக்கத்தில் கவாஸ் என்ற ஊர். 2006 ஆகஸ்டில் பாலைவனத்தில் பெய்த பேய் மழையில் மூழ்கியது. மழை நின்றும் தண்ணீர் மாதக்கணக்கில் வடியவில்லை. மண்ணுக்குக் கீழே ஜிப்சம் படலம் இருந்ததால் உறிஞ்ச வழியில்லை. தார்ப் பாலைவனத்தில் பல இடங்களில் இதே படலத்தின் மேல்தான் கொஞ்சம் நல்ல தண்ணீர் தங்குகிறது. 'பேரி' என்று சிறு கிணறு வெட்டி அதைத்தான் காலங்காலமாகக் குடித்துவந்தார்கள். அதற்குக் கீழே ஆழத்தில் உப்பு நீர். எண்ணெய்க் கிணறு இந்த அடுக்குகளையெல்லாம் துளைத்துக்கொண்டுதான் இறங்குகிறது. இரும்புக் குழாயும் சிமென்டும் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. இருபது, முப்பது ஆண்டு கவனிப்பாரின்றிக் கிடந்து துருப்பிடித்தால், கீழே உள்ளது மேலே ஏற வழி கிடைத்துவிடும். சிமென்ட் அடைப்புகளை உரிய ஆழங்களில் இறக்கி, தரைக்குக் கீழே குழாயை வெட்டி, மேல்மண்ணை நிரப்பினால்தான் ஒரு கிணறு முறையாக மூடப்பட்டது என்று அர்த்தம்.

ஒரு தாணியில், அதாவது நான்கைந்து வீடுகள் கொண்ட குடியிருப்பில், ஒரு முதியவர் எனக்குப் பழக்கம். 'பாசா' என்று கூப்பிடுவேன். முற்றத்து டாங்காவிலிருந்து, மழைநீரைச் சேர்த்துவைக்கும் நிலத்தடித் தொட்டி அது, ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுப்பார். கடைசிச் சொட்டைத் தரையில் சிந்தாமல் வன்னி மரத்தடியில் ஊற்றுவார். அவர் நிலத்தின் ஒரு பகுதி கிணற்றுத் தளத்துக்குப் போயிருந்தது. "பேட்டா, எங்கள் ஊரில் வற்றிய கிணற்றைத் திறந்துபோட மாட்டோம். ஆடு விழும், பிள்ளை விழும். உங்கள் கிணற்றை மூட எப்போது வருவீர்கள்?" என்று கேட்டார். எனக்குத் தேதி தெரியவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. கம்பு ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்.

நிலத்தைச் சீர்செய்யப் பணம் ஒதுக்கும் திட்டம் 1999 முதலே நம் நாட்டில் இருக்கிறது. அதில் போடும் தொகைக்கு வரிச் சலுகையும் கொடுத்துவருகிறீர்கள். பார்மர் வயல்களின் பெயரில் இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது, மொத்தம் எவ்வளவு தேவைப்படும் என்ற கணக்கைக் கிணறு வாரியாக வெளியிடுங்கள். உயிர்விட்ட கிணறுகளை வயல் முழுவதும் ஓயும்வரை காத்திருக்க வைக்காமல் ஆண்டுக்குச் சில என்று இப்போதே மூடத் தொடங்குங்கள். அந்த வேலையைப் பார்மர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். தோண்டுவதற்கு எங்களைப் போல வெளியூர்க்காரர்களைக் கூட்டிவந்தது போதும். இனி எந்தப் புதிய வயலாக இருந்தாலும், மூடும் கட்டத்தின் தேதியும் தொகையும் இல்லாத திட்டத்தில் முதல் கட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதிலைத் தில்லியில் கோப்பில் வைத்தால் போதாது. நாகாணா ஊராட்சியில், மக்களுக்குப் புரியும் மொழியில், நின்று படித்துக் காட்டுங்கள். மே மாதத்தில் வேண்டாம். அந்த வெயிலில் யாரும் கூட மாட்டார்கள். முதல் மழைக்குப் பின், கம்பு விதைப்பு முடிந்த கையோடு போங்கள். அப்போது எல்லோரும் ஊரில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
மங்களா வயலின் முன்னாள் ஊழியன்
நன்னிலம்