லண்டன் போகிறவர்கள் இந்த இன்ஜினையும் பார்த்துவிட்டு வரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். லண்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் எங்கெங்கே போகலாம் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. மெழுகுச் சிலைகள், ராட்சத ராட்டினம், தேம்ஸ் படகுச் சவாரி, அரண்மனை வாசலில் காவலர் மாறும் சடங்கு. இரண்டு வருடம் முன்பு மகள் வீட்டுக்குப் போனபோது நானும் இதெல்லாம் பார்த்தேன். கால் வலித்ததுதான் நினைவில் இருக்கிறது. கட்டுரையில் விட்டுப்போன ஓர் இடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னைக் கூட்டிப்போனார். "மாமா, இது உங்களுக்குப் பிடிக்கும். மத்தவங்க யாரும் வரமாட்டாங்க" என்றார். அவர் சொன்னபடி வேறு யாரும் வரவில்லை.

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், ஹான்வொர்த் பக்கம், கெம்ப்டன் பார்க் நீரேற்று நிலையம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் உயரமான ஜன்னல்கள் வைத்த ஒரு செங்கல் கட்டடம், அவ்வளவுதான். உள்ளே இரண்டு நீராவி இன்ஜின்கள் நிற்கின்றன. அடித்தளத்திலிருந்து உச்சிவரை 62 அடி. நம் ஊர்க் கணக்கில் ஆறு மாடி. ஒவ்வொன்றும் 800 டன்னுக்கு மேல் எடை. நுழைந்தவுடன் முதலில் கண்ணில் பட்டது இன்ஜின் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஏதோ தூண், படிக்கட்டு, கம்பிக் கைப்பிடி என்று நினைத்தேன். தலையை நிமிர்த்திக்கொண்டே போன பிறகுதான் அத்தனையும் ஒரே இயந்திரம் என்று புரிந்தது.

நான் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் 31 வருடம் பம்ப் ஆபரேட்டராக இருந்தவன். மோட்டார், வால்வு, கிளாண்ட், கிரீஸ் என்றே வாழ்க்கை போய்விட்டது. அதனால் மற்றவர்களைவிட இதில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஈடுபாடு இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் மாநகர நீர் வாரியம் 1920களில் இவற்றைச் செய்யச் சொன்னது. செய்து கொடுத்தது இங்கிலாந்திலேயே நியூவார்க் என்ற ஊரில் இருந்த வொர்திங்டன் சிம்ப்சன் கம்பெனி. 1929இல் ஓடத் தொடங்கி, 1980 வரை ஓடின. சுத்திகரித்த தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரை வடக்கு லண்டன் பக்கம் தள்ளுவது இவற்றின் வேலை. ஒரு இன்ஜின் ஒரு நாளைக்கு 1.9 கோடி காலன், அதாவது 8.6 கோடி லிட்டர் தண்ணீர் அனுப்பும். நான் வேலை பார்த்த நிலையத்தில் எல்லா மோட்டாரையும் சேர்த்து ஓட்டினாலும் அதில் பத்தில் ஒரு பங்கு வராது.

இரண்டில் ஒன்றுக்கு சர் வில்லியம் பிரெஸ்காட் என்று பெயர், வாரியத் தலைவராக இருந்தவர். பக்கத்தில் நிற்பது அவர் மனைவி பெயரில், லேடி பெஸ்ஸி. கணவர் இன்றைக்கும் ஓடுகிறார், அம்மா அசையாமல் நிற்கிறார். மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். நம் வீடுகளில் தலைகீழ் என்றார்.

இது எப்படி வேலை செய்கிறது என்று அங்கே ஒருவர் விளக்கினார். எனக்கு ஃபில்டர் காபிதான் ஞாபகம் வந்தது. பொடியில் முதல் டிகாக்‌ஷன் இறக்கியதும் கொட்டிவிடுவோமா? அதே பொடியில் இரண்டாவது இறக்குவோம். கஷ்டப்பட்ட வீட்டில் மூன்றாவதும் உண்டு. இங்கே நீராவிக்கும் அதே சிக்கனம்தான். பாய்லரிலிருந்து வரும் நீராவி முதலில் சின்ன சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளுகிறது. அழுத்தம் குறைந்து வெளியே வந்ததும் அதைவிடப் பெரிய சிலிண்டருக்குப் போகிறது. அப்புறம் எல்லாவற்றிலும் பெரிய மூன்றாவது சிலிண்டருக்கு. அழுத்தம் குறையக் குறைய பிஸ்டனின் அகலம் கூடுவதால் மூன்றும் ஏறக்குறைய சமமாக உழைக்கும். கடைசியில் நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். ஒரு மூட்டை நிலக்கரியில் எவ்வளவு வேலை வாங்கலாம் என்று கணக்குப் பார்த்தவர்கள் கட்டிய இயந்திரம். அந்த நிலக்கரி தேம்ஸில் படகில் ஹாம்ப்டன் வரை வரும். அங்கிருந்து கொண்டுவர வாரியமே இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டுச் சின்ன ரயில் விட்டிருக்கிறது. இப்போது குழந்தைகளுக்காக அதே மாதிரி ஒரு குட்டி ரயில் அங்கே ஓடுகிறது. நானும் ஏறினேன், வெட்கப்படவில்லை.

இரண்டு இன்ஜின்களுக்கும் நடுவே, தண்ணீர் தள்ளும் அதே வேலைக்காக 1933இல் வைத்த நீராவி டர்பைன்கள் இருக்கின்றன. பிஸ்டன் இல்லாமல், நீராவி பட்டு விசிறி மாதிரி சுழலும் இயந்திரங்கள். பக்கத்தில் நிற்கும் மலைகளோடு ஒப்பிட்டால் அவை அரிசி மூட்டை அளவுதான். நான்கே வருடத்தில் காலம் மாறிவிட்டதை அந்த ஒரே கூடத்தில் பார்க்கலாம்.

சரி, ஓடுவதைச் சொல்கிறேன். இவ்வளவு பெரிய இயந்திரம் ஓடினால் காது கிழியும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மெதுவாக ஒரு மூச்சு, பிறகு இன்னொரு மூச்சு. ஆள் தடிமன் இரும்புத் தண்டுகள் எண்ணெய்ப் பளபளப்போடு மேலே போய்க் கீழே வருகின்றன. சக்கரம் சுற்றும்போது முகத்தில் லேசாகக் காற்றடிக்கிறது. கிளாண்டிலிருந்து, அதாவது தண்டு வெளியே வரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் அடைப்பிலிருந்து, கொஞ்சமாக நீராவி கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் "லீக் ஆகுது பாரு" என்று தன் பையனிடம் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கிளாண்டை இறுக்கிக் கசிவை முழுக்க நிறுத்தினால், உள்ளே தண்டைச் சுற்றித் திணித்திருக்கும் பேக்கிங் உராய்ந்து கருகிவிடும். எங்கள் பம்பிலும் சொட்டு விழுந்தால்தான் நிம்மதியாக உட்காருவோம்.

அப்போது நீல ஓவரால் போட்ட ஒரு பெரியவர் வந்தார். என் வயது இருக்கும். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஒன்றின் மூடிமேல், சூடேறியிருக்கிறதா என்று பார்க்கப் புறங்கையை வைத்தார். இரண்டு விநாடிதான். எடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். உள்ளங்கையை வைத்தால் சூடு பிடிபடாது, காய்த்துப் போயிருக்கும், புறங்கைக்குத்தான் தெரியும். என்னுடைய சீனியர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுவே. நானும் புறங்கையைக் காட்டினேன். அவர் புருவத்தை உயர்த்தினார். எனக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். ஆனாலும் பத்து நிமிடம் பேசினோம். அவர் வாழ்க்கை முழுக்க வங்கியில் வேலை பார்த்தவராம்! ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்து கற்றுக்கொண்டிருக்கிறார். இன்ஜினை ஓட்டுபவர்கள், துடைப்பவர்கள், டிக்கெட் கிழிப்பவர்கள் எல்லாரும் சம்பளமில்லாத ஆட்கள். 1995 வாக்கில் வேலையைத் தொடங்கி, துரு சுரண்டி, பாகம் பாகமாகக் கழற்றி மாட்டி, 2002இல்தான் மறுபடி ஓட வைத்தார்களாம்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் நிலையத்தில் ஒரு பழைய டீசல் இன்ஜின் பம்ப் இருந்தது. கரண்ட் போனால் அதுதான் ஊருக்குத் தண்ணீர். எனக்கு முன்பிருந்தவர் ஆயுத பூஜைக்கு முதல் மாலையை அதற்குத்தான் போடுவார். ஒருநாள் லாரி வந்தது. கேஸ் கட்டரால் நான்கு துண்டாக அறுத்து, எடைபோட்டு, இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். முறைப்படி டெண்டர் விட்டுத்தான் செய்தார்கள், தப்பு சொல்ல முடியாது. ஷெட்டின் ஒரு மூலையில் விட்டுவைத்திருந்தால் யாருக்கு என்ன இடைஞ்சல்? அதன் எண்ணெய்க் குவளை மட்டும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. நம் ஊர்களில் இன்னும் இப்படிப்பட்ட இன்ஜின்கள் எங்காவது பழைய பம்ப் ஹவுஸில் தூசி மூடிக் கிடக்கும். அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மாதான் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம். உங்கள் வாசகர்கள் யாருக்காவது அப்படி ஓர் இடம் தெரிந்தால் எழுதச் சொல்லுங்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். இன்ஜினை எல்லா நாளும் ஓட்டுவதில்லை. நீராவி ஏற்றும் நாள் எது என்று பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், நின்றுகொண்டிருக்கும் இன்ஜினைப் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி. அப்புறம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டாம். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றதில் என் சட்டையில் ஒட்டிய எண்ணெய்க் கறை, இரண்டு வருடமாகத் துவைத்தும் போகவில்லை. அதைக் கரித்துணி ஆக்கிவிடலாம் என்கிறாள் என் மனைவி. நான் தரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப் ஆபரேட்டர்,
ஈரோடு மாவட்டம்