சான்றிதழில் ஓர் எண்ணைச் சேர்க்க முடியுமா? திசு வாழைக்குச் சான்று தரும் அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சான்றிதழோடு வாங்கிய திசு வளர்ப்பு வாழைக்கன்றுகளில் பல குட்டையாகி வீணானதைப் பற்றிய என் புகார் உங்களிடம் இருக்கிறது, அதற்கு நீங்கள் அனுப்பிய பதில் என்னிடம் இருக்கிறது, ஆகவே முன்கதையை மறுபடி எழுதப்போவதில்லை. அந்தப் பதிலில் இருந்த ஒரு வரிதான் என்னை இப்படிப் பொதுவில் எழுத வைத்தது: கன்றுகள் ஆய்வகத்தை விட்டு வெளியேறியபோது சான்றிதழ் விதிகளுக்கு உட்பட்டே இருந்தனவாம். சரி, இருந்திருக்கும். நான் கேட்டது அது இல்லையே. இந்தக் கன்றுகள் ஆய்வகத்தில் எத்தனையாவது சுற்றுப் பெருக்கத்தில் எடுத்தவை என்றுதான் கேட்டேன். இரண்டு பக்கக் கடிதத்தில் அதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

நான் வைத்தது 1,200 கன்று, கிராண்ட் நைன் என்ற வாழை ரகம். ஐந்தாம் மாதம் வரை எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்கள் பின்தங்க ஆரம்பித்தன. உரம் போதவில்லை போல என்று அவற்றுக்கு மட்டும் இரண்டு தடவை கூடுதலாக வைத்தேன். சொட்டுநீர்க் குழாய் அடைத்திருக்குமோ என்று சொட்டுவாய் ஒவ்வொன்றாகக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன், தண்ணீர் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. அசுவினிப் பேன் பரப்பும் முடிக்கொத்து வைரஸ் நோயாக இருந்துவிடக் கூடாதே என்று பயந்து, காலை வெயிலில் இலைக்காம்பைத் திருப்பித் திருப்பிக் கரும்பச்சைக் கோடு தெரிகிறதா என்று தேடினேன். கோடும் இல்லை, பேனும் இல்லை. காம்பு மட்டும் குட்டை. இலைகள் அகலமாக, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்துக்கொண்டு விசிறி போல நின்றன. பக்கத்து மரம் என் தலைக்கு மேலே போய்விட்டது, இது இடுப்போடு நின்றுவிட்டது.

தார் தள்ளும் சமயத்தில்தான் விஷயம் முழுசாகப் புரிந்தது. குட்டை மரத்தின் கழுத்தில் தார் வெளியே வர இடமே இல்லை. பாதி உள்ளே, பாதி வெளியே என்று மாட்டிக்கொண்டு நின்றது, ஒரு மரத்தில் தண்டின் பக்கவாட்டைக் கிழித்துக்கொண்டே வந்தது. எண்ணிப் பார்த்தேன். குட்டை 143. இலை தடித்து, குறுகி, ரப்பர் மாதிரி ஆகித் திட்டுத்திட்டாக வெளுத்தவை 21. முதலில் வந்து பார்த்தவர் அந்த 21-ஐயும் தேமல் வைரஸ் என்றார், பரிசோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தது. ஆக மொத்தம் 164 மரங்களுக்கு, நல்ல மரத்துக்குப் போட்ட அதே தண்ணீர், அதே உரம், அதே களை வெட்டு, ஒன்பது மாதம். விதை முளைக்காவிட்டால் பத்து நாளில் தெரிந்துவிடும், வேறு விதைத்துக்கொள்ளலாம். இது ஒன்பது மாதம் கூடவே வளர்ந்து கழுத்தை அறுத்தது.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் உங்கள் பதிலைப் படித்த பிறகு சொல்லியே ஆக வேண்டும் போலிருக்கிறது. திசு வளர்ப்பில் ஒரு கிழங்கின் நுனியை எடுத்து ஊக்கி கலந்த கூழில் வைத்துக் குருத்துகளைப் பெருக்குகிறார்கள், பிறகு அந்தக் கொத்தைப் பிரித்து அடுத்த பாட்டிலுக்கு மாற்றுகிறார்கள். இதுதான் ஒரு சுற்று, ஆய்வகத்தில் சப்கல்ச்சர் என்பார்கள். சுற்று கூடக்கூடத் தாயைப் போல இல்லாத பிள்ளைகள் வரும் வாய்ப்பும் கூடுகிறது. லார்க்கின், ஸ்கௌகிராஃப்ட் என்ற இருவர் 1981-லேயே இதற்கு சோமாகுளோனல் வேறுபாடு என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாழையில் அதிகம் வருவது குட்டைதான் என்பதும் பழைய செய்தி. அதனால்தான் சுற்றுக்கு ஒரு வரம்பு வையுங்கள் என்று நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

வரம்பைத் தாண்ட ஏன் ஆசை வருகிறது என்பதற்குச் சின்னக் கணக்குப் போதும். ஒரு சுற்றுக்கு மூன்று மடங்கு, வரம்பு எட்டுச் சுற்று என்று வைத்துக்கொண்டால், எட்டாவது சுற்றில் ஒரு நுனியிலிருந்து 6,561 குருத்து. பத்தாவது சுற்றில் 59,049. புதிய தாய்மரம் தேடி, அதற்கு வைரஸ் பரிசோதனை செய்து, முதலிலிருந்து ஆரம்பிப்பதைவிட, இருக்கிற பாட்டிலையே இன்னும் இரண்டு தடவை பிரிப்பது யாருக்குத்தான் வசதியாக இருக்காது? எல்லா ஆய்வகமும் இப்படிச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. செய்தால் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழியும் இல்லை என்கிறேன்.

எண்ணெய்ப் பனையில் பட்டதும் ஞாபகம் இருக்கட்டும். திசு வளர்ப்பில் வந்த பனைகள் பார்க்க நன்றாகத்தான் வளர்ந்தன, சில வருடம் கழித்துக் காய்க்கும்போதுதான் உருக்குலைந்த காய்கள் வந்தன. மரபணுவின் எழுத்து மாறவில்லை. கர்மா என்று பெயர் வைத்த ஒரு டி.என்.ஏ. துண்டின் மேல் இருக்க வேண்டிய மெத்தில் என்ற வேதி அடையாளம் போய்விட்டது, அதுதான் காரணம் என்று 2015-இல் கண்டுபிடித்தார்கள். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது, யாரோ பாட்டிலில் செய்தது, அனுபவித்தது தோட்டக்காரன்.

நான் திசு வளர்ப்புக்கு எதிரி இல்லை. பக்கக்கன்று வைத்தால் கிழங்கோடு கூன்வண்டும் நூற்புழுவும் சேர்ந்து வரும் என்று தெரிந்துதான் இதற்கு மாறினேன். 1952-இல் மோரெலும் மார்ட்டினும் வைரஸ் பிடித்த டாலியாச் செடியின் நுனியிலிருந்து நல்ல செடியை எடுத்துக்காட்டிய நாளிலிருந்து இந்த முறை எத்தனையோ பயிரைக் காப்பாற்றியிருக்கிறது. பயிர் உயிரித்தொழில்நுட்பம் என்றதும் எல்லோரும் மரபணு மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்று சண்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மேடைகளில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த உத்தி பற்றிப் பேசுகிறார்கள். 2012-இல் வந்த உத்திக்கு 2020-இல் நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது, நல்லது, மகிழ்ச்சி. பல நூறு கோடி எழுத்துள்ள மரபணுத் தொகுப்பில் நினைத்த இடத்தில் ஓர் எழுத்தை மாற்ற முடிகிற காலம் இது. ஒரு சீட்டில் 'சுற்று 7' என்று எழுதுவதற்கு மட்டும் இன்னும் தொழில்நுட்பம் வரவில்லை போலும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

அந்த எண்ணை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கன்று வாங்கும் முன் ஆய்வகத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். வெள்ளை விளக்கின் கீழே அடுக்கடுக்காகப் பாட்டில்கள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் ரகம், தேதி, பக்கத்தில் ஓர் எண். அது என்ன என்று கேட்டேன். சுற்று எண், அது இல்லாவிட்டால் எங்களுக்கே எந்தப் பாட்டில் எது என்று தெரியாது என்றார் அங்கே வேலை செய்த பெண். பாட்டில் வரை கூடவே வருகிற எண், குழித்தட்டுக்கு மாறும்போது காணாமல் போகிறது. என் கைக்கு வந்த சான்றிதழில் முத்திரை இருக்கிறது, மூன்று கையெழுத்து இருக்கிறது, அந்த எண் இல்லை. அது தொழில் ரகசியம் என்று ஆய்வகம் சொன்னால், தயவுசெய்து ஏற்காதீர்கள். கூழில் என்ன கலக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே மறுபடியும், பணிவாகவே கேட்கிறேன். ஒவ்வொரு தொகுதிக் கன்றின் சான்றிதழிலும் அது எத்தனையாவது சுற்றில் எடுத்தது என்று அச்சிடச் சொல்லுங்கள். முடிந்தால் தாய்மரத்தைப் பரிசோதித்த தேதியையும் சேருங்கள். அதற்கு மேல், நாற்றங்காலிலேயே குட்டைக் காம்பைப் பார்த்துப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி வைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அது முடியாது என்று சொல்லி முதலில் கேட்டதையும் சேர்த்துக் கிடப்பில் போட்டுவிடாதீர்கள். எண் போதும். இழப்பீடு பற்றி இந்த மடலில் நான் பேசவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள், அது தனி மனு, தனியாக வரும்.

தார் மாட்டிக்கொண்ட மரங்களில் 63-ஐ இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறேன். அடுத்த நடவுக்கு நிலத்தைத் தயார் செய்ய வேண்டும், அதனால் மாதக் கடைசி வரைக்கும்தான் நிற்கும். அதற்குள் யாராவது வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். வரும்போது என் தொகுதியின் சுற்று எண்ணையும் ஆய்வகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
164 மரங்களுக்கு ஒன்பது மாதம் தண்ணீர் விட்டவன்