ஆடியோ கேபிள் தயாரிப்பாளர்களுக்கு: அந்த ஒரு எண்ணை அட்டையில் போடுங்கள்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களே,

பழைய அட்டைகளில் பொடி எழுத்திலாவது இருந்த ஒரு வரி, புது அட்டைகளில் காணாமல் போயிருக்கிறது. கேபிளின் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் திறன், மீட்டருக்கு எத்தனை பைக்கோஃபேரட் என்ற வரிதான் அது. அந்த இடத்தில் இப்போது 'பளிங்கு போன்ற தெளிவு' என்று தங்க எழுத்தில் மின்னுகிறது. தெளிவைத் தீர்மானிக்கும் எண்ணை எடுத்துவிட்டுத் தெளிவைப் பற்றி எழுத உங்களால்தான் முடியும்.

விளைவு உங்களுக்குத் தெரியாததல்ல. 2.5 ஹென்றி இண்டக்டன்ஸும் (மின்தூண்டல் அளவு) 100 பைக்கோஃபேரட் சொந்தக் கெபாசிட்டன்ஸும் உள்ள ஒரு கிட்டார் பிக்கப்பை, அதாவது தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் சுருளை, எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கு 70 உள்ள 6 மீட்டர் கேபிளைச் செருகினால் அதன் ஒத்ததிர்வு (சிக்னல் உச்சமாகும் அதிர்வெண்) சுமார் 4.4 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். அதே நீளத்தில் 150 உள்ளதைச் செருகினால் 3.2-க்கு இறங்கிவிடும். தந்தியின் பளிச்சென்ற ஓசை மழுங்கும். வாசிப்பவர் பிக்கப்பைச் சந்தேகிப்பார், ஆம்ப்ளிஃபையரைத் திட்டுவார். கேபிள் நினைவுக்கு வருவது கடைசியில்தான். மழுங்கிய ஓசையே பிடிக்கும் என்பவர்களும் உண்டு. தேடி வாங்க அவர்களுக்கும் இந்த எண்தான் வேண்டும். ஆகவே எண்ணைப் போடுங்கள்.

அடுத்தது, திறக்கவே முடியாத வார்ப்பு பிளக். கேபிள் பெரும்பாலும் அறுவது பிளக்கின் கழுத்தில். திருகு மூடி இருந்தால் அறுந்த பகுதியை வெட்டி, ஷீல்டுக்கு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) அடியிலுள்ள, மின்சாரம் கடத்தும் கறுப்பு உறையைச் சில மில்லிமீட்டர் பின்னுக்கு உரித்து (அது நடுக்கம்பியைத் தொட்டால் சிக்னல் கசியும்), மறுபடி சால்டர் வைத்துவிடலாம். வார்ப்பு பிளக்கை வெட்டித்தான் எறிய வேண்டும். சரி, புது பிளக் போடலாம் என்று கம்பியைச் சீவினால் உள்ளே செம்பு பூசிய அலுமினியம்! சூடு கொஞ்சம் கூடினாலே பூச்சு சால்டரில் கரைந்துவிடும்; அப்புறம் ஒட்டாது. நாலு முறை வளைத்தால் முறியவும் செய்யும்.

இத்தனைக்கும் கேபிள் மேல் அம்புக்குறி போட மட்டும் மறப்பதில்லை. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைத்த கேபிளில் அதற்குப் பொருள் உண்டு. மற்றவற்றில்? ஆடியோ சிக்னல் இரு திசையிலும் மாறி மாறி ஓடுவது என்பதை அம்புக்குறிக்கு யார் சொல்வது?

பணிவாகவே கேட்கிறோம்: மீட்டருக்கான கெபாசிட்டன்ஸ், கம்பி முழுச்செம்பா இல்லையா, ஷீல்டு பின்னலா சுற்றா ஃபாயிலா என்பதை அட்டையில் அச்சிடுங்கள். பிளக்குக்குத் திருகு மூடி கொடுங்கள். புது அட்டை வரும்வரை ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினாலும் போதும். தங்க எழுத்து தேவையில்லை.