விக்கலும் காதிரைச்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில், உலகத்தில் எதற்கெல்லாம் சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் பத்தியாளர் ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதில் ஒரு வரி: "காதுக்குள் கொய்ங் என்று கேட்பவர்களுக்குக்கூட ஒரு சங்கம் இருக்கிறதாம். விக்கல்காரர்கள் தொடங்க வேண்டியதுதான் பாக்கி." நல்ல நகைச்சுவை. என் வீட்டிலேயே சிரித்தார்கள். வலது காதில் பதினோரு வருடமாக அந்தக் கொய்ங் ஓடிக்கொண்டிருக்காவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

விக்கல் நின்றுவிடும் ஐயா. இது நிற்காது.

அந்தச் சங்கம் எப்படி வந்தது என்று பத்தியாளர் விசாரித்திருக்கலாம். அமெரிக்காவில் சார்லஸ் யூனிஸ் என்று ஒரு மருத்துவர். அவருக்கே காதிரைச்சல் உண்டு. ஜாக் வெர்னான் என்ற ஆய்வாளரைப் பார்க்கப் போர்ட்லாண்டுக்குப் போனவர், அங்கே ஒரு நீரூற்றுப் பக்கம் நின்றபோது தன் இரைச்சல் கேட்கவில்லை என்று கண்டுகொண்டார். காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கருவிகள் பற்றிய யோசனை அங்கேதான் பிறந்தது. இவர்கள் சேர்ந்து 1971இல் தொடங்கியதுதான் அமெரிக்கன் டின்னிடஸ் அசோசியேஷன். டின்னிடஸ் என்றால் காதிரைச்சல்தான். பிரிட்டனிலும் 1979 முதல் இதே போல் ஒன்று இருக்கிறது. காது கேளாமல் போன பிறகும் நாடாளுமன்றத்தில் தொடர்ந்த ஜாக் ஆஷ்லி அதற்குத் துணை நின்றவர்.

நீரூற்றுக் கதையைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் இருக்கிறது. முதல் வருடம் முழுக்க நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் விழும் வரைதான் நிம்மதி. என்ன செய்கிறீர்கள் என்று மனைவி கதவைத் தட்டினால் சொல்ல வெட்கம். புத்தி பேதலித்துவிட்டதோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவருக்கும் இப்படித்தான் இருந்தது என்று தெரிந்துகொள்ள அந்தச் சங்கம் தேவைப்பட்டது.

மருத்துவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நான் முதலில் பார்த்தவர் காதுக்குள் ஒரு தடவை விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வயசாகுதில்ல, பழகிக்குங்க" என்றார். ஒரு பக்கக் காதில் மட்டும் இரைச்சல் என்றால் கேட்புத்திறனைச் சோதித்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்து, கேள் நரம்பில் கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நோயாளிகளுக்காக இந்தச் சங்கங்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன். வேறு இடத்தில் போய்ச் சண்டை போடாத குறையாக ஸ்கேனுக்கு எழுதி வாங்கினேன். கட்டி இல்லை. உயர்ந்த சுருதிகள் மட்டும் அந்தக் காதில் குறைந்திருந்தன. ஒலியை வாங்கி நரம்புக்கு அனுப்பும் உள்காதின் மயிர்ச் செல்கள் கெட்டால் திரும்ப முளைப்பதில்லை. அங்கிருந்து தகவல் வராததால் மூளை தன் பங்குக்கு ஒலியைக் கூட்டிவைத்துக்கொள்கிறது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆக, இது பிரமை இல்லை. சில வருடங்களுக்கு முன் உங்கள் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகிக்கு "எல்லாம் மனசுதான்" என்று பதில் சொன்னீர்களே, அதையும் இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன்.

குணமாக்குகிறோம் என்று அந்தச் சங்கங்கள் எனக்குச் சொல்லவில்லை. குணமாக்கும் மாத்திரை இன்னும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அதை நேர்மையாகச் சொன்ன முதல் ஆட்கள் அவர்கள்தான். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளக் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை வேதனையைக் குறைக்கும், காது மந்தமாக இருந்தால் காதுக்கருவி உதவும் என்றார்கள். எனக்கு இரண்டும் உதவின. சத்தம் அப்படியேதான் இருக்கிறது, சண்டைதான் குறைந்துவிட்டது. திரட்டும் பணத்தை இளம் ஆய்வாளர்களுக்கு விதைப்பணமாகக் கொடுக்கிறார்கள். பூர்வாங்க முடிவுகள் கையில் இல்லாமல் பெரிய நிதி யாருக்கும் கிடைக்காது என்பது தங்களுக்குத் தெரியாததா?

இதில் வேடிக்கை, சங்கத்தைக் கேலி செய்த அதே இதழின் நடுப்பக்கத்தில் "காது இரைச்சலா? 15 நாளில் நிம்மதி!" என்று அரைப்பக்க விளம்பரம். ஜின்கோ என்ற மரத்தின் இலைச்சாறு, துத்தநாகம், இன்னும் என்னென்னவோ. இந்தத் துணைமருந்துகளை இதற்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு 2014ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே எழுதிவிட்டது. அதே சரக்கை நானும் நான்கு மாதம் விழுங்கியவன். போன பணம் போகட்டும். இலவசமாக உண்மையைச் சொல்கிறவன் உங்களுக்குக் கோமாளி, காசு வாங்கிப் பொய் சொல்கிறவன் விளம்பரதாரர். சரி, பத்திரிகை நடத்த வேண்டுமே.

நாங்கள் நாலைந்து பேர் என்று நினைக்க வேண்டாம். 2022இல் வந்த ஆய்வு ஒன்றின் மதிப்பீட்டில், உலகில் 74 கோடிக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு இது இருக்கிறது. 12 கோடிக்கும் அதிகமானோருக்குக் கடுமையாக. அதில் உங்கள் சந்தாதாரர்களும் இருப்பார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம்: இரைச்சல் ஒரே காதில் இருந்தாலோ, நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள், திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள். மூன்று வரி போதும். விக்கல் பற்றி வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை.

இன்னொன்று. போன வருடம் நான் எழுதிய கடிதத்தை வெட்டி, "கட்டுரை அருமை" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் பிரசுரித்தீர்கள். இந்த முறை வெட்டி எடுக்க அப்படி எதையும் நான் எழுதவில்லை. சிரமத்துக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்