கப்பல் 4 நாளில் முடிந்தது சரி, கட்டியவர்கள் எங்கே படுத்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் 4 நாளில் ஒரு சரக்குக் கப்பலைக் கட்டி முடித்த சாதனை பற்றி எழுதியிருந்தீர்கள். தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளம் வரப்போகிறது என்று பேச்சு அடிபடுகிற நேரத்தில் பொருத்தமான கட்டுரைதான், இரண்டு தடவை படித்தேன். ஆனால் அதில் முதலாளி ஹென்றி கைசர் இருக்கிறார், கப்பல் இருக்கிறது, எத்தனை டன் என்ற கணக்கு இருக்கிறது, வேலை பார்த்தவர்கள் மட்டும் ஒரு வரியில் வந்து போய்விட்டார்கள். நான் பேட்டை ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்துவிட்டு 26 வருடம் கப்பல் யார்டுகளில் ராடு பிடித்தவன், அதில் 19 வருடம் வளைகுடாவில். அந்தக் காலத்து யார்டுகளைப் பற்றித் தேடித் தேடிப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம்.

முதலில் அந்த 4 நாள். ராபர்ட் இ. பியரி என்ற அந்தக் கப்பல் 1942 நவம்பரில், கலிபோர்னியாவின் ரிச்மண்ட் ஊரில் 4 நாள் 15 மணி 29 நிமிடத்தில் தண்ணீரில் இறங்கியது உண்மை. நம் தூத்துக்குடி ஓடாவிகள் ஏரா என்பார்களே, அந்த அடிக்கட்டையை வைத்ததிலிருந்து எண்ணிய நேரம் அது. அதற்கு முன்பே கப்பலின் பெரிய பெரிய துண்டுகளைத் தரையில் வைத்து வெல்டிங் அடித்துத் தயாராக வைத்திருந்தார்கள், கிரேன் தூக்கி வைக்க வைக்க ஒட்டினார்கள். பெயருக்காகச் செய்த ஒரு ஓட்டம் அது, வழக்கமாக ஒரு கப்பலுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆனாலும் அந்த முறையில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, வெல்டருக்குத்தான் அது புரியும். கப்பலுக்குள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டு தலைக்கு மேலே ஓவர்ஹெட் அடிப்பது வருடக்கணக்கில் கை பழகினால்தான் வரும், தீப்பொறி காலருக்குள் விழும், கழுத்து விட்டுப்போகும். துண்டைத் தரையில் புரட்டிப் போட்டுக் கீழ்ப்பார்வையாக அடிப்பதைச் சில வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். அதனால்தான் பருத்திக் காட்டிலிருந்து வந்தவர்களும், ஓட்டலில் தட்டு கழுவியவர்களும், அதுவரை வீட்டைவிட்டு வேலைக்கே போகாத பெண்களும் வெல்டர் ஆனார்கள். அந்தக் கப்பலின் மூல வரைபடம் இங்கிலாந்தின் சண்டர்லாந்து ஊரிலிருந்து வந்தது, 1941-க்கும் 1945-க்கும் இடையில் அமெரிக்கா முழுவதும் அந்த வகையில் 2,710 கப்பல்கள் கட்டினார்கள். ரிச்மண்டின் 4 யார்டுகளில் மட்டும் எல்லா வகையும் சேர்த்து 747.

சரி, இவ்வளவு பேரும் எங்கே படுத்தார்கள்? 1940-ல் ரிச்மண்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 24,000. போர் முடிவதற்குள் 1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. காரிலும் கூடாரத்திலும் படுத்தார்கள், சினிமாக் கொட்டகையில் ராத்திரி ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்து நாற்காலியில் தூங்கினார்கள், ஒரே கட்டிலை ஷிப்டு கணக்கில் 2 பேர், 3 பேர் வாடகைக்கு எடுத்தார்கள். ஒருவர் எழுந்து போன சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் வந்து படுப்பார். 'சூட்டுப் படுக்கை' என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1990-களில் வளைகுடாவில் ஒரு கேம்ப்பில் நான் இருந்தது அதே கட்டிலில்தான். பகல் ஷிப்டு முடிந்து வருவேன், எனக்கு முன்னால் படுத்தவர் ராஜபாளையத்துக்காரர், நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். 7 மாதம் ஒரே கட்டிலில் படுத்தோம், உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை. அவருடைய தலையணை வாசனை தெரியும், பிள்ளைகள் எத்தனை என்று தெரியாது. ஆர்க், அதாவது வெல்டிங் தீயின் வெளிச்சம், கண்ணில் பட்ட ராத்திரி, கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல் இருக்கும், கண்ணை மூடவும் முடியாது திறக்கவும் முடியாது. அன்றைக்குக்கூட அடுத்த ஆளுக்குக் கட்டிலை விட்டுவிட்டு வராந்தாவில் போய் உட்கார வேண்டும். அந்த யார்டு அந்த வருடம் எத்தனை கப்பலைச் சரிபார்த்து அனுப்பியது என்று ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருந்தார்கள்.

ரிச்மண்டில் அரசாங்கம் வீடும் கட்டியது, ஆயிரக்கணக்கில் கட்டியது. 1941-ல் கட்டிய ஆட்சிசன் வில்லேஜ் என்ற 450 வீட்டுக் குடியிருப்பு இன்றைக்கும் நிற்கிறது. அன்றைக்கு அதில் வெள்ளையருக்கு மட்டும்தான் வீடு. தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கருப்பின மக்களுக்குத் தண்டவாளத்தை ஒட்டியும் யார்டை ஒட்டியும் அவசரமாகக் கட்டிய மர வீடுகள். யார்டு வெல்டர்கள் சேர வேண்டிய பாய்லர்மேக்கர்ஸ் தொழிற்சங்கமும் அவர்களைத் தனிக் கிளையில் வைத்தது. சந்தா கட்டலாம், ஓட்டு கிடையாது. சங்கத்தில் சேராவிட்டால் வேலையும் கிடையாது. பக்கத்து ஊர் சாசலிடோ யார்டில் ஜோசப் ஜேம்ஸ் என்ற வெல்டர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார், கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வரும்போது போரே முடியப் போகிற நேரம். இதையெல்லாம் அமெரிக்கக் கதை என்று நாம் தள்ளிவைக்க முடியாது ஐயா. திருநெல்வேலியில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவனிடம் அட்வான்ஸ் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்னாலேயே "நீங்க என்ன ஆளு?" என்று கேட்கிற வாசல்களில் நானே நின்றிருக்கிறேன். நாளைக்கு யார்டு வந்தால் அந்த வாசல்களில்தான் நம் பையன்கள் போய் நிற்பார்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பையன்களும் நிற்பார்கள்.

அப்புறம் பெண்கள். என் தம்பி மகள் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேர்ந்திருக்கிறாள், அவள் வகுப்பில் பெண்கள் 2 பேர்தான். "பெரியப்பா, யார்டுல பொம்பளப் பிள்ளைகளை எடுப்பாங்களா?" என்று கேட்டாள். கைசர் யார்டுகளில் உச்சக்கட்டத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள் என்று சொன்னேன், அவளால் நம்ப முடியவில்லை. ஆணுக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். வெறும் அழைப்பால் மட்டும் அவர்கள் வந்துவிடவில்லை. ஓரிகன் மாநிலத்து போர்ட்லண்டில் ஸ்வான் ஐலண்ட் என்ற யார்டின் வாசலிலேயே 1943-ல் குழந்தைகள் காப்பகம் திறந்தார்கள். அம்மா ராத்திரி ஷிப்டுக்குப் போனாலும் பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம், வேலை முடிந்து வரும்போது பிள்ளையையும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சூடு பண்ணிச் சாப்பிடச் சமைத்த சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டு போகலாம். சமைத்த சாப்பாடு! வேலை முடிந்து வந்த பெண் அடுப்படியில் நிற்க வேண்டாம் என்று 80 வருடத்துக்கு முன்னால் ஒரு யார்டுக்குத் தோன்றியிருக்கிறது. நான் வளைகுடாவில் இருந்த 19 வருடமும் என் மனைவி முக்கூடலில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றினாள், ஒரு காலை நீட்டிச் சின்னவனை அதில் போட்டு ஆட்டிக்கொண்டே சுற்றினாள். இலை நறுக்குவதும், தூள் போடுவதும், நூல் கட்டுவதும் கை பார்த்துக்கொள்ளும், கண் பிள்ளை மேலேயே இருக்கும். நான் அனுப்பிய பணத்தில் வீடு கட்டினோம் என்று ஊரில் சொல்வார்கள். பாதி வீடு அவள் சுற்றிய பீடியில் எழும்பியது. போர் முடிந்த 1945-லேயே ஸ்வான் ஐலண்டின் அந்தக் காப்பகத்தை மூடிவிட்டார்கள், பெண்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவமும் அப்படித்தான் வந்தது. வாரத்துக்கு அரை டாலர் கட்டினால் தொழிலாளிக்கு வைத்தியம் என்று சிட்னி கார்ஃபீல்ட் என்ற டாக்டர் 1942-ல் ரிச்மண்டில் ஆஸ்பத்திரி நடத்தினார், அது பின்னாளில் அமெரிக்காவின் பெரிய மருத்துவ அமைப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. ஆனால் குழாய்க்கு அஸ்பெஸ்டாஸ் சுற்றியவர்களுக்கும், அந்தத் தூசியில் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கும் 20, 30 வருடம் கழித்துத்தான் நுரையீரல் நோய் வந்தது. அதற்குள் யார்டே இல்லை.

உங்கள் கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. 1943 ஜனவரி 16, அதே ஸ்வான் ஐலண்டில், ஸ்கெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் துறையில் கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தபடியே, அலையில்லாத தண்ணீரில், பெரிய சத்தத்தோடு நடுவில் பிளந்துவிட்டது. முதலில் பழி யார் மேல்? வெல்டர்கள் மேல். அவசரத்தில் ஒழுங்காக அடிக்கவில்லை, கத்துக்குட்டிகள், என்றார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் ஆராய்ச்சியாளர் அந்த வகைக் கப்பல்களின் தகட்டைச் சோதித்துப் பார்த்து, குளிரில் அந்த எஃகே கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது என்று காட்டினார். தகடுகளை ரிவிட் ஆணி அடித்துச் சேர்த்த கப்பலில் ஒரு தகட்டில் விழுந்த விரிசல் அந்தத் தகட்டோடு நின்றுவிடும், முழுக்க வெல்டிங் செய்த கப்பலில் ஓடிக்கொண்டே போகும். மேல்தளத்துத் திறப்புகளின் மூலையைச் சதுரமாக வெட்டிய இடங்களில் அது அடிக்கடி ஆரம்பிக்கும். வெல்டிங்கிலும் குறை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் வெல்டர் மட்டும் குற்றவாளி இல்லை. எனக்கும் ஒரு தடவை இப்படி நடந்தது. நான் வெல்டிங் அடித்த இணைப்புப் பக்கத்தில் தகடு கீறியது, 2 மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். பிறகு வந்த இன்ஸ்பெக்டர் தகடே மட்டரகம் என்று எழுதிக்கொடுத்தார், பிடித்த பணம் வரவில்லை.

ஸ்காட்லாந்துக் கதை ஒன்று, அதுவும் வீட்டைப் பற்றியதுதான். முதல் உலகப் போரில் கிளாஸ்கோ நகரத்தின் கோவன் பகுதிக்குக் கப்பல் வேலைக்கும் ஆயுதத் தொழிற்சாலை வேலைக்கும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வர, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில். மேரி பார்பர் என்ற பெண்ணின் தலைமையில் வீட்டுப் பெண்கள் வாடகை தரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். காலி செய்ய ஆள் வந்தால் ஒருத்தி மணி அடிப்பாள், சந்திலுள்ள அத்தனை பேரும் மாவு உருண்டையோடு ஓடி வருவார்கள். 1915 நவம்பரில் ஏறக்குறைய 20,000 குடும்பங்கள் வாடகையை நிறுத்தின, யார்டுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்துவோம் என்றார்கள், அந்த டிசம்பரிலேயே வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. அதே கிளைடு ஆற்றங்கரையில் கிளைட்பேங்க் என்ற கப்பல் ஊரில் 1941 மார்ச் 13, 14 இரண்டு ராத்திரிகளில் ஜெர்மன் குண்டுவீச்சில் 528 பேர் செத்தார்கள். யார்டைவிட வீடுகளுக்குத்தான் சேதம், ஏறக்குறைய 12,000 வீடுகளில் கீறல் விழாமல் தப்பியவை 7. வீடு போனவர்கள் வெளியூரில் போய்த் தங்கிக்கொண்டு அங்கிருந்து யார்டுக்கு வேலைக்கு வந்தார்கள். மார்ச் 13 என்றால் நமக்கு 1908-ன் நெல்லை எழுச்சி. வ.உ.சி. கைதானதற்காகத் திருநெல்வேலி கொதித்த நாள். வ.உ.சி. என்றதும் கப்பலைச் சொல்கிறோம், அதற்குச் சில நாள் முன்னால்தான் அவர் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களோடு நின்று கூலி உயர்வுக்கும் விடுமுறைக்கும் வேலைநிறுத்தம் நடத்தி வென்றார் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இப்போது தூத்துக்குடிக்கு வருகிறேன். கப்பல் தளம் வரட்டும். என்னைப் போல் யாரும் கடல் தாண்டிப் போய் ராடு பிடிக்க வேண்டாம் என்றால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு இல்லை. ஆனால் இதுவரை என் காதில் விழுந்த பேச்செல்லாம் முதலீடு எத்தனை கோடி, நிலம் சென்ட் என்ன விலைக்குப் போகும் என்பதுதான். முத்தையாபுரம் பக்கம் போனால் டீக்கடையில் புரோக்கர்களைத்தான் பார்க்கிறேன். போன மாதம் ஒரு கட்டட வேலை நடக்கிற இடத்தில் வடக்கத்திப் பையன்கள் தகரக் கொட்டகைக்குள், சித்திரை வெயிலில், ஒரு ஃபேனுக்குக் கீழே 12 பேர் படுத்திருந்ததைப் பார்த்தேன். யார்டு வந்து ஆட்களும் வந்த பிறகு வீடு யோசித்தால் இந்தத் தகரம்தான் எல்லாருக்கும்.

உங்கள் நிருபர்கள் அடுத்த முறை அதிகாரிகளையோ நிறுவனத்தாரையோ பார்க்கும்போது மூன்றே மூன்றைக் கேட்கச் சொல்லுங்கள். திட்ட வரைபடத்தில் தொழிலாளர் குடியிருப்புக்கு எத்தனை ஏக்கர் குறித்திருக்கிறது, அது யார்டிலிருந்து எவ்வளவு தூரம், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதில் இடம் உண்டா. பெண்களுக்கு விடுதியும், ராத்திரி ஷிப்டிலும் திறந்திருக்கிற காப்பகமும் உண்டா. கண்ணுக்கும் நுரையீரலுக்கும் வருடா வருடம் சோதனை செய்து, அந்தக் காகிதத்தைத் தொழிலாளி கையில் கொடுப்பார்களா. வருகிற பதிலை அப்படியே போடுங்கள், பதில் வராவிட்டால் வரவில்லை என்று போடுங்கள். என் தம்பி மகளுக்கு அடுத்த ஆடியில் படிப்பு முடிகிறது, அதற்குள் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர்,
பேட்டை, திருநெல்வேலி.