படகு பார்க்க அம்மாவையும் கூட்டிப் போங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கே ஒன்ராறியோவில் உள்ள சிம்கோ ஏரியில் ஓட்ட முதல் படகு வாங்கப்போவதாகவும், ஒரே மாதிரியான இரண்டில் எதை எடுப்பதென்று தெரியவில்லை என்றும் சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். போன வருடம் எங்களுக்கும் இதே குழப்பம்தான்.

நாங்கள் பார்த்த இரண்டும் 18 அடிப் படகுகள். முன்பக்கமும் உட்காரலாம். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றில் எஞ்சின் பின்பக்கம் உள்ளேயே இருந்தது. அதன் மேல் படுத்து வெயில் காய அகலமான மெத்தை. மற்றதில் எஞ்சின் வெளியே மாட்டியிருந்தது. பிள்ளைகள் மெத்தைப் படகை விட்டு இறங்கவே இல்லை. எனக்கும் அதுதான் பிடித்தது.

அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிப் போனேன். வயது 72, வலது முழங்கால் சரியாக மடங்காது. மெத்தைப் படகில் பின்னாலிருந்து உள்ளே போக அந்த மெத்தையைத் தாண்ட வேண்டும். அம்மா ஒரு காலைத் தூக்கி வைத்தார். மற்றக் காலை எடுக்க முடியாமல் என் தோளைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மற்றப் படகில் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி இருந்தது. கம்பியைப் பிடித்துத் தானே நடந்துபோய் உட்கார்ந்தார். "எங்கட வள்ளம் மாதிரிக் கிடக்கு" என்றார். யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் அப்பா வைத்திருந்த வள்ளத்தைச் சொன்னார். அந்த வெளி எஞ்சின் படகைத்தான் வாங்கினோம்.

வாங்குமுன் படகில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டையும் வாசியுங்கள். 6 மீட்டர் வரையான படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு பாரம் என்று அதில் இருக்கும். பாரம் என்றால் ஆட்கள் மட்டுமில்லை, ஐஸ் பெட்டியும் சோற்றுச் சட்டியும் சேர்த்துத்தான். எங்கள் படகுக்கு 7 பேர். தம்பி குடும்பமும் வந்தால் நாங்கள் பத்துப் பேர், அதனால் இரண்டு தடவையாகப் போய் வருகிறோம். "சின்னப் பிள்ளைதானே, மடியில் வைத்திருக்கலாம்" என்று நம் ஆட்கள் சொல்வதைக் கரையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மடியில் இருக்கும் பிள்ளையும் ஓர் ஆள்தான். அதன் எடைக்கேற்ற உயிர்காப்பு அங்கியும் வேண்டும்.

அப்புறம், குளிர்காலம். வெளி எஞ்சினை நேராக இறக்கி விட்டால் தண்ணீர் தானாக வடிந்துவிடும். உள் எஞ்சினில் தண்ணீர் தங்கினால் உறைந்து வெடிப்பு விழும். நண்பர் ஒருவருக்கு அப்படி ஆகி, எஞ்சினையே மாற்ற வேண்டி வந்தது.

இன்னொன்று: இங்கே மோட்டார் படகு ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் அதற்கான தகுதி அட்டை வைத்திருக்க வேண்டும். அந்த வாசகர் தான் மட்டும் எடுக்காமல் மனைவியையும் எடுக்கச் சொல்ல வேண்டும். போன ஆகஸ்ட்டில் நடு ஏரியில் எனக்குத் தலைசுற்றி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. படகைக் கரைக்குக் கொண்டுவந்தது என் மனைவிதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மார்க்கம், ஒன்ராறியோ